கூடைக்காரத் தெருவில் இருபத்தேழு பேர்

சம்பகி மாந்தோப்புக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. தலையில் கூடை இல்லாமல் அவள் ஊருக்குள் நடந்ததே கிடையாது. அன்றைக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாகப் போனாள்.

சாக்கியத் துறவி தம் ஆட்களோடு, மொத்தம் இருபத்தேழு பேராக, அசிரவதி ஆற்றைக் கடந்து கடம்பகாமத்துக்கு வந்து இரண்டு நாளாகியிருந்தது. அரண்மனையை விட்டு வந்தவராம், மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டவராம் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர் சொன்ன கதையில் அவருக்கு யானை பலம். இன்னொருவர் சொன்ன கதையில் அவர் நடந்தால் கால் தரையில் படாது. சம்பகி பார்த்தவரையில் கால் நன்றாகவே தரையில் பட்டது. குதிகாலில் வெடிப்புகூட இருந்தது.

அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். காலையில் துறவிகள் பாத்திரம் ஏந்தி வருவார்கள். பணக்கார வீடு, ஏழை வீடு என்று எதையும் தாண்டாமல் வரிசையாக ஒவ்வொரு வாசலிலும் சற்றுநேரம் நிற்பார்கள். போட்டதை வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார்கள். குடியானவர் தெரு முடிந்தது, குயவர் தெரு முடிந்தது, இனித் திரும்பிவிடுவார்கள் என்றுதான் ஊரார் நினைத்தார்கள். திரும்பவில்லை. வரிசை நேராகக் கூடைக்காரத் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. சம்பகி வாசலில் உட்கார்ந்து மூங்கில் பிளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தால் பெரிய மனிதர் யாரையாவது பார்க்க நேர்ந்துவிடும், அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று குனிந்தே இருந்தாள். இரண்டு பாதங்கள் எதிரே வந்து நின்றன. வெடித்த குதிகால். போய்விடும் என்று பார்த்தாள், போகவில்லை. உள்ளே ஓடி, வறுத்த வாற்கோதுமை மாவை இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்து போட்டாள். அவசரத்தில் பாதி மாவு அவர் விரலில் கொட்டியது. அவர் விரலைப் பாத்திரத்துக்குள் தட்டிவிட்டு, தலை அசைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் அதற்குப் பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. அடுத்த நாளும் பாதங்கள் வந்து நின்றன. அன்று மாலைக்குள் முறத்துக்கு விளிம்பு கட்டப்போய்க் கூடைக்குக் கட்டிவிட்டாள்.

அவள் புருஷன் நிகடன்தான் சொன்னான். "மனசுல என்னத்தையோ வெச்சுக்கிட்டு மூங்கிலைப் பாழ் பண்ணாத. கேக்கணும்னா போய்க் கேளு."

"என்ன கேக்கறதாம்?"

"நம்ம வீட்ல வந்து உக்காந்து சாப்பிடுங்கன்னு. அதானே உம்மனசுல ஓடுது?"

"வருவாராய்யா?"

"எனக்கென்ன தெரியும்? வரலேன்னா மூங்கிலாவது பொழைக்கும்."

அந்த வருஷம் ஆற்றங்கரை மூங்கில் பூத்திருந்தது. ஆளின் ஆயுசில் ஒருமுறையோ இருமுறையோதான் அது பூக்கும். உதிர்ந்த மூங்கிலரிசியைப் பொறுக்கி ஒரு பானை நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். இருபத்தேழு பேருக்குக் கஞ்சியாகக் காய்ச்சினால் போதும். அந்தத் தைரியத்தில்தான் புறப்பட்டாள்.

தோப்பில் அவர் ஒரு மரத்தடியில் இருந்தார். சம்பகி பத்தடி தள்ளி மண்டியிட்டு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகளை ஒரே மூச்சில் கொட்டினாள். "சாமி, நாளைக்கு நீங்களும் உங்க கூட இருக்கறவங்களும் எங்க வீட்ல வந்து சாப்பிடணும் சாமி, கூடைக்காரத் தெருவு சாமி, கடைசிக்கு முந்தின வீடு."

அவர் அவளைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை. ஆனால் வாய் திறக்கவில்லை.

அவள் காத்திருந்தாள். கிளையில் ஒரு அணில் ஏறி இறங்கிப் போனது. அவர் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனம் சம்பகிக்குப் புதிதல்ல. கூடைக்காரர்களிடம் மேல்தெருக்காரர்கள் யாரும் 'மாட்டேன்' என்று சொல்வதில்லை. அதற்குக்கூட ஒரு வார்த்தை செலவு செய்ய வேண்டுமே. பேசாமல் இருப்பார்கள், கேட்டவர் புரிந்துகொண்டு போய்விட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் கோடையில் ஆறு வற்றியபோது, ஊரின் பெரிய வீட்டுக்காரி காதியானியின் வாசலில் நின்று, "அம்மா, கிணத்துல ஒரு குடம் எறைச்சுக்கவா?" என்று கேட்டாள். காதியானி பூத்தொடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசிப் பூவைக் கட்டி முடிக்கும்வரை சம்பகி நின்றாள். பிறகு வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

இவர் நல்லவர், அதனால் முகத்தைத் திருப்பாமல் பேசாமல் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று வாங்குவது வேறு, உள்ளே வந்து உட்காருவது வேறு, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். விழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

தெருமுனையிலேயே நாத்தனார் குந்தளி காத்திருந்தாள். "என்னடி ஆச்சு? எப்ப வராரு?"

"வரலைக்கா."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

குந்தளிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவளும் அந்தத் தெருக்காரிதானே. "அதானே பார்த்தேன். ராசா மகனுக்கு மூங்கக்கஞ்சி ஊத்தப் போனியாக்கும். உன் ஆசைக்கு அளவே கெடையாதுடி" என்றாள். ஆனால் சொல்லிவிட்டு, சம்பகியின் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்காமல், "சரி விடு, அழாத. அவருக்குக் குடுத்து வைக்கல" என்று முதுகைத் தட்டினாள்.

"நான் எங்க அழுதேன்?" என்றாள் சம்பகி. வீட்டுக்குள் போய் மூங்கிலரிசிப் பானையைத் தூக்கி வெளியே வைத்தாள். "அவரு வேணாம்னா என்ன, நாம என்ன மண்ணையா திங்கறது? எல்லாரையும் கூப்பிடுங்கக்கா!" என்றாள். விளக்கேற்றும் நேரத்துக்குள் தெரு முழுவதும் கஞ்சி குடித்து முடித்துவிட்டது. நிகடன் இரண்டு முறை வாங்கிக் குடித்தான். பானை அடியில் ஒரு கைப்பிடி அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது, அதோடு சரி.

மறுநாள் காலை, மேல்தெருப் பெண்கள் வழக்கம்போல அகப்பையும் பானையுமாக வாசலில் வந்து நின்றார்கள். காதியானி பாற்சோற்றுப் பானையோடு நின்றாள். அவள் மகன் காய்ச்சலில் பிழைத்ததற்காக ஏழு நாள் இடைவிடாமல் துறவிகளுக்குப் பாற்சோறு போடுவதாக வேண்டியிருந்தாள். அது மூன்றாம் நாள்.

வெயில் ஏறியது. தெருவில் யாரும் வரவில்லை.

பாற்சோற்றின் மேல் ஆடை படிந்தது. ஈ ஓட்டி ஓட்டிக் கை வலித்தது. யாரோ ஒருத்தி, "நேத்து சாயங்காலம் கூடைக்காரி ஒருத்தி தோப்புப் பக்கம் போனாளே, பார்த்தேன்" என்றாள். பேச்சு அங்கிருந்து உருண்டு உருண்டு, சம்பகி முறங்களைத் தலையில் சுமந்துகொண்டு அந்தத் தெரு வழியாக வந்த நேரத்துக்கு முழு மலையாகிவிட்டது.

"ஏ சம்பகி! நில்லுடி" என்றாள் காதியானி. "நேத்து அவர்கிட்டப் போய் என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லம்மா. சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டேன்."

"எங்க?"

"எங்க வீட்டுக்கு."

காதியானி தலையில் கை வைத்துக்கொண்டாள். "கேட்டீங்களா? இதுக்கப்புறம் அவர் இந்த ஊர்ல இருப்பாரா? மூட்டை கட்டிக்கிட்டுப் போயிருப்பார். ஏழு நாள் வேண்டுதல்டி எனக்கு! ஒரு நாள் விட்டாலும் போச்சு! உனக்கு யார் குடுத்த துணிச்சல் இது?"

சம்பகிக்கு முகம் எரிந்தது. ஒருவேளை உண்மையாகவே போய்விட்டாரோ? தன்னாலோ? முறங்களை அங்கேயே இறக்கி வைத்தாள். "நான் போய்ப் பார்த்துட்டு வரேன். இருந்தா கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்று ஓடினாள்.

தோப்பில் எல்லோரும் இருந்தார்கள். இருபத்தேழு பேரும் மேலாடையைச் சரியாகப் போர்த்திக்கொண்டு, கழுவிய பாத்திரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் புறப்பட்டு வண்டி வராத ஆட்களைப் போல இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த சோபிதர் என்ற வயதான துறவி, முன்பல் இரண்டும் இல்லாதவர், அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாம்மா, வா. நேரமாச்சா?"

"எதுக்குச் சாமி நேரம்?"

"சாப்பாட்டுக்குத்தான். சமையல் ஆனதும் கூப்பிட்ட வீட்டுக்காரங்க வந்து சொல்லணும், அதுதான் முறை. நீ வருவேன்னு காலையிலேர்ந்து வழியைப் பார்த்துக்கிட்டிருக்கோம். இதோ இவர் வயிறு போடற சத்தத்துல மரத்துல ஒரு குருவி இல்ல."

சம்பகி வாயைத் திறந்தாள், மூடினாள். "அவருதான் வரலேன்னுட்டாரே சாமி!"

"எப்பச் சொன்னார்?"

"நேத்து. ஒண்ணுமே பேசலையே!"

சோபிதருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மா, வர முடியாதுன்னா அவர் வாய் திறந்து முடியாதுன்னு சொல்லிடுவார். பேசாம இருந்தார்னா ஏத்துக்கிட்டார்னு அர்த்தம். எங்க பழக்கம் அது."

இந்த ஊருக்கு அவர்கள் புதிது. அந்தப் பழக்கம் யாருக்குத் தெரியும்? சம்பகி அங்கேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தன் வீட்டுக்கு, கடைசிக்கு முந்தின வீட்டுக்கு. நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது. அடுத்த கணமே பானை நினைவுக்கு வந்தது. வீட்டில் ஒரு கைப்பிடி அரிசி. இருபத்தேழு பேர்.

"நீங்க வேற வீடுகளுக்குப் போயிருக்கலாமே சாமி, பாத்திரம் எடுத்துக்கிட்டு?"

"ஒரு வீட்ல ஏத்துக்கிட்ட அன்னைக்குத் தெருவுக்குப் போக மாட்டோம்மா."

"உச்சிப்பொழுதுக்கு அப்புறம் நீங்க சாப்பிட மாட்டீங்களாமே, அது தாண்டிட்டா?"

"அப்ப நாளைக்குத்தான்" என்றார் அவர், மழை வந்தால் நனைவோம் என்பது போல.

"ஆயிடுச்சு சாமி, எல்லாம் அடுப்புல இருக்கு, இதோ..." என்று எழுந்தவள், நாலடி போய் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். "பொய் சாமி. அடுப்பே பத்த வைக்கல. வரமாட்டீங்கன்னு நெனச்சு எல்லாத்தையும் தின்னுட்டோம்."

சோபிதர் பல்லில்லாத வாயால் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவருக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. "நல்ல காரியம். போய் அடுப்பைப் பத்த வைம்மா. பொழுது இன்னும் உச்சிக்கு வரல."

அவள் ஓடினாள். வழியில் முள் குத்தியது கூடத் தெரியவில்லை. மேல்தெருவுக்குள் நுழைந்ததும், அகப்பையும் பானையுமாக அப்படியே நின்றுகொண்டிருந்த பெண்கள் முன்னால் நின்று மூச்சு வாங்கினாள்.

"இருக்காங்க! போகல! எங்க வீட்டுக்குச் சாப்பிட வராங்க! ஆனா எங்கிட்டச் சோறு இல்ல!"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மௌனத்தின் கதையை முழுவதும் சொன்னாள். சொல்லி முடித்ததும் காதியானிதான் முதலில் தெளிந்தாள்.

"சரி, அதுக்கென்ன? என் வீட்டுக்கு வரச்சொல்லு. பந்தல் இருக்கு, பலகை இருக்கு. ஓடு, போய்ச் சொல்லிட்டு வா."

சம்பகி ஒரு கணம் நின்றாள். வாழ்க்கையில் ஒருமுறை கிடைத்தது, அரை நாழிகைகூடக் கையில் தங்கவில்லை. ஆனால் அந்த வெடித்த குதிகாலும், சத்தம் போடும் வயிறும் கண் முன்னால் வந்தன. தன் பெருமைக்காக அவர்கள் பட்டினி கிடப்பதா?

"சரிம்மா" என்று திரும்பவும் ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் விசித்திரமாக இருந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. "மாட்டாங்களாம்மா. நல்ல சாப்பாடு இன்னொரு எடத்துல இருக்குதேன்னு, மொதல்ல ஏத்துக்கிட்ட வீட்டை விட்டுட்டுப் போறது வழக்கம் இல்லையாம். எங்க வீட்ல ஒரு பிடி அரிசி இருந்தா, ஆளுக்கு ஒரு பருக்கை சாப்பிடுவாங்களாம்."

"ஒரு பருக்கையா!" என்றாள் ஒருத்தி.

"அதனால நீங்க எல்லாரும்..." சம்பகிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்படி ஒரு வாக்கியத்தை அந்தத் தெருவில் அவள் பாட்டன் முப்பாட்டன் யாரும் சொன்னதில்லை. "நீங்க எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்கம்மா. பானையோட."

யாரும் பேசவில்லை. அவளுக்கு நன்றாகப் பழக்கமான அதே மௌனம் தெரு முழுவதும் இறங்கியது. இது எந்த மௌனம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் முதல்தடவையாகத் தெரியவில்லை. அதனால் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றாள்.

துறவிகளைக் காணோமே என்று குயவர் தெருவிலிருந்து வந்திருந்த குயவன் மனைவி சுந்தகி பயற்றங்கஞ்சிப் பானையை இடுப்பில் ஏற்றினாள். "எம் பானை போகாத வீடு எது? எல்லார் வீட்டு அடுப்புலயும் எம் பானைதான் உக்காந்திருக்கு. பானை போற எடத்துக்கு நான் போகக்கூடாதா? நடடி சம்பகி."

அவள் பின்னால் எண்ணெய்க்காரி, அவள் பின்னால் தயிர்ப்பானையோடு மாடு மேய்ப்பவன் மனைவி, அப்புறம் இரண்டு பேர், அப்புறம் நாலு பேர். "நாங்க தெருவுலதான் நிப்போம், உள்ள வரமாட்டோம்" என்று சொல்லிக்கொண்டே சிலர் போனார்கள். கடைசியில் தெருவில் மிஞ்சியது காதியானியும் அவள் பாற்சோறும்தான்.

சம்பகி தயங்கி நின்றாள். காதியானி வெயிலைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். காலியான தெருவைப் பார்த்தாள்.

"மூணாவது நாள்" என்றாள், தனக்குத்தானே.

"ஆமாம்மா."

"பானை கனக்குது. தூக்க ஆளில்ல. வேலைக்காரங்க எல்லாம் வயல்ல."

சம்பகி ஓடிப்போய்த் தன் முறங்களுக்கு நடுவிலிருந்து இரண்டு காது வைத்த பெரிய கூடையை எடுத்து வந்தாள். அதில் வைக்கோல் பிரிமணையைப் போட்டு, பானையை உள்ளே இறக்கினார்கள். ஒரு காதைச் சம்பகி பிடித்தாள். மற்றக் காது தொங்கிக்கொண்டிருந்தது.

காதியானி சேலையைத் தூக்கிச் செருகினாள். காதைப் பிடித்தாள். "இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன்" என்றாள். "உன் வீடு எந்தப் பக்கம்டி?"

அந்தத் தெருவில் அன்றைக்கு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. நிகடன் ஒரு மூங்கில் பிளாச்சை மண்ணில் நட்டு, அதன் நிழலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நாலு விரல்! இன்னும் நாலு விரல் நிழல் இருக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தான். உட்கார வைக்கப் பலகை இல்லையே என்று யாரோ பதறியபோது குந்தளிக்குக் கோபம் வந்துவிட்டது. "பலகை எதுக்கு? இது என்ன தெருன்னு நெனச்ச?" என்று உள்ளே போனாள். சந்தைக்கு வைத்திருந்த புதுப்பாய்கள் வீடு வீடாக வெளியே வந்தன. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மண் தெரியாமல் பாய் விரிந்தது. கோசல ராஜா வந்திருந்தால்கூட அவ்வளவு புதுப்பாயில் உட்கார்ந்திருக்க மாட்டார். சம்பகி கடைசிப் பிடி மூங்கிலரிசியை வேக வைத்துவிட்டு, மூன்றாம் முறையாகத் தோப்புக்கு ஓடினாள்.

"நேரமாச்சு சாமி! சோறு தயார்!"

"இந்தத் தடவை உண்மையா?" என்றார் சோபிதர்.

"சத்தியமா சாமி! நான் ஆக்கினது ஒரு சட்டிதான். மத்ததெல்லாம் ஊரே ஆக்கினது!"

அவர்கள் வந்தார்கள். வரிசையாக, அவசரமில்லாமல், பார்வையைத் தாழ்த்தி. நிகடன் நிழலையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்து உதட்டைக் கடித்தான். 'கொஞ்சம் வேகமா நடந்தா என்ன?' என்று அவன் முணுமுணுத்தது பாதித் தெருவுக்குக் கேட்டது. சாக்கியத் துறவி முதல் பாயில் உட்கார்ந்தார். மற்றவர்கள் இரண்டு பக்கமும் அமர்ந்தார்கள்.

அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. யார் பரிமாறுவது? அழைத்தவள் தன் கையால் பரிமாற வேண்டும். பாற்சோறு காதியானியுடையது, அதுவும் அவள் கையால் விழுந்தால்தான் வேண்டுதல். காதியானி அகப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சம்பகியைப் பார்த்தாள். சம்பகி காதியானியைப் பார்த்தாள்.

"மூணு விரல்!" என்றான் நிகடன்.

"கூடையை விட்டா பானை சாஞ்சுடும்மா" என்றாள் சம்பகி. "இந்தக் கையால பிடிச்சுக்கிட்டு, அந்தக் கையால அகப்பையை ரெண்டு பேருமா பிடிச்சுக்கலாம்."

அப்படித்தான் செய்தார்கள். நடுவில் கூடை, ஆளுக்கொரு காது, அகப்பைக் காம்பின் மேல் ஒரு கை, கீழ் ஒரு கை. முதல் இரண்டு அகப்பை பாத்திரத்தில் விழாமல் விளிம்பில் வழிந்தது. மூன்றாவதிலிருந்து கை சேர்ந்துவிட்டது.

ஆனால் அவருக்குப் பாற்சோறு போடுவதற்கு முன், சம்பகி தன் சட்டியிலிருந்து ஒரு பிடி மூங்கிலரிசிச் சோற்றை அவர் பாத்திரத்தில் வைத்தாள். அவர் அதை விரலால் எடுத்து வாயில் போட்டு, மெல்ல மென்றார்.

அவளுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "சாமி, நேத்து நீங்க மாட்டேன்னுட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

"ஏனம்மா அப்படி நினைச்சே?" என்று கேட்டார் அவர்.

"எங்ககிட்ட யாரும் வாயால மாட்டேன்னு சொன்னதில்ல சாமி. பேசாம இருப்பாங்க. நாங்களே புரிஞ்சுக்கிட்டுப் போயிடுவோம். அதனால பேசாம இருக்கறதுக்கு வேற அர்த்தம் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

குறையாகச் சொல்லவில்லை அவள். மூங்கில் எந்த மாதம் வெட்டுவது என்று யாராவது கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். கூடையின் மற்றக் காதைப் பிடித்திருந்த கை மட்டும் சற்று ஆடியது. பாற்சோறு தளும்பி ஒரு துளி சம்பகியின் மணிக்கட்டில் விழுந்தது. காதியானி தன் முந்தானை நுனியால் அதைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, "ஏன் நிக்கற? அடுத்தவருக்குப் போடு, நிழல் போகுது" என்றாள்.

அவர் தலை அசைத்தார். இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

பிறகு எல்லாம் வேகமாக ஓடியது. பயற்றங்கஞ்சி ஒரு பக்கம், தயிர் ஒரு பக்கம், எள்ளுருண்டை, வெல்லம், சுரைக்காய், யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே வரமாட்டோம் என்று சொன்ன பெண்கள், "அந்தக் கடைசிச் சாமிக்குத் தயிர் விழலையே!" என்று கத்திக்கொண்டே பாயை மிதித்து உள்ளே வந்தார்கள். வந்த பிறகுதான், வந்துவிட்டோம் என்பது அவர்களுக்கே தெரிந்தது. சோபிதர், மெல்ல முடியாதவர், மூன்று முறை கஞ்சி வாங்கினார். சத்தம் போட்ட வயிற்றுக்காரர் பாத்திரத்தைக் கையால் மூடிப் போதும் போதும் என்றதை யாரும் கேட்கவில்லை.

"ஒரு விரல்!" என்று நிகடன் கத்தினான். "அரை விரல்!"

கடைசித் துறவி கையைப் பாத்திரத்திலிருந்து எடுத்தார். நிழல் பிளாச்சின் காலடிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. நிகடன் எழுந்து நின்று, தானே மூட்டை தூக்கி மலையேறியவனைப் போல முதுகை நிமிர்த்தினான். தெருவே ஆரவாரம் செய்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த துறவிகளில் சிலர்கூடச் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கொஞ்சநேரம் பேசினார். எளிமையாகத்தான் பேசினார். சம்பகிக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மீதிப் பாதி நேரம் அவள் தன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, அவள் தினமும் மூங்கில் பிளக்கும் இடத்தில், அவர் உட்கார்ந்திருந்தார். அவள் பின்னின பாய். ஒரு ஓரத்தில் விளிம்பு சற்றுக் கோணல். அதை மட்டும் சரிசெய்திருக்கலாம் என்று தோன்றியது. பிறகு அவர்கள் எழுந்து தோப்புக்குப் போனார்கள்.

போனதும்தான் பெண்களுக்குக் கால் வலி தெரிந்தது. விடியலிலிருந்து நின்றவர்கள். அங்கங்கே பாயிலேயே சாய்ந்தார்கள். காதியானி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து விசிறிக்கொண்டாள். விசிறியது சம்பகியின் முறத்தால்.

"பசிக்குதுடி" என்றாள்.

சம்பகி சுற்றுமுற்றும் பார்த்தாள். உங்கள் பானையில் பாற்சோறு ஒட்டிக்கொண்டிருக்கிறது, வழித்துத் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள்.

"அது வேணாம். மூணு நாளா அதைக் கிண்டிக் கிண்டி அலுத்துப்போச்சு. உன் சட்டியில என்ன இருக்கு?"

ஒரு வாய் மூங்கிலரிசிச் சோறு இருந்தது. சம்பகி இலையில் வைத்து நீட்டினாள். காதியானி சாப்பிட்டாள். எல்லோரும் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் குந்தளி, அடக்க முடியாமல்.

"உப்பு பத்தல" என்றாள் காதியானி. "ஆனா வாசனையா இருக்கு. எங்கே பொறுக்கின? பின்னால ஆத்தங்கரையிலயா? நாளைக்கு நான் வரேன். காட்டு."

அப்போது தெருமுனையில் ஒருவர் வந்து நின்றார். காதியானியின் கணவர், ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் அனுருத்தர். வயலிலிருந்து வந்தவர், வீடு திறந்து கிடக்க, அடுப்பு அணைந்து கிடக்க, ஆளைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு தெருவாக வந்திருந்தார். ஒரு காலைத் தெருவுக்குள் வைத்தார். மற்றக் காலை வைப்பதா வேண்டாமா என்று அது அந்தரத்தில் நின்றது.

"காதியானி! இங்க என்ன பண்ற? வீட்ல சோறு எங்க?"

"வீட்ல இல்ல" என்றாள் அவள், முறத்தை வீசிக்கொண்டே. "எல்லாம் இங்க வந்திடுச்சு. கஞ்சி கொஞ்சம் மிச்சம் இருக்கு, தயிர் இருக்கு. நின்னுக்கிட்டே இருந்தா வயித்துக்குள்ள போகாது. வாங்க, உக்காருங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். தெரு முழுவதும் விரிந்து கிடந்த புதுப்பாய்களைப் பார்த்தார். சுந்தகி பயற்றங்கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்த மணம் காற்றில் வந்தது.

"ஏய்யா" என்றாள் சம்பகி நிகடனிடம், சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு. "ஐயாவுக்கு ஒரு பாயைத் தட்டிப் போடு."

நிகடன் பாயை உதறிப் போட்டான். அனுருத்தர் மற்றக் காலையும் உள்ளே வைத்து வந்து உட்கார்ந்தார்.